பழுது பார்க்க அனுமதி உண்டு

நாள் 171 | 08:40

முதல் நிலையம், நிலவின் தென்முனை. பதிவு செய்பவர் வசந்தாமணி, பராமரிப்புப் பொறியாளர். நிலையத்தில் உள்ளவர்கள்: ஒருவர். உள்வெப்பம் 22. துளைக்கருவி நேற்று நாலு மீட்டர் இறங்கி, பனிக்கட்டி கலந்த மண் எட்டுக் கிலோ கொடுத்தது. காலை உப்புமா. குறை சொல்ல ஆள் இல்லாததால் நன்றாகவே இருந்தது.

மூச்சுப் பெட்டி ஓடிய நேரம் 4,088 மணி. ஆவணங்களில் அதன் பெயர் பதினோரு சொல் நீளம். மூச்சுப் பெட்டி என்பது நான் வைத்தது. நான் விடும் மூச்சை உள்ளே இழுத்து, கரியை எடுத்துவிட்டு, பிராணவாயுவைத் திருப்பித் தரும். அதன் அடியில் இரண்டு குழாய்கள் இறங்கும். அவற்றைக் கால் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

இதே பெட்டி, இதைவிடப் பெரியது, இரண்டாம் நிலையத்தில் இருக்கிறது. இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டர். என்னுடைய வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடும். அங்கே இருபத்திரண்டு பேர். தலைவி கோகிலவாணி, என் கணவரின் தங்கை. தினமும் காலையில் ரேடியோவில் "நலமா?" என்று கேட்பேன், "நலம்" என்பாள். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. என் கணவர் போய் ஆறு வருடம், மாமியார் போய் நாலு வருடம் ஆகிறது. சமாதானம் செய்து வைக்க யாரும் மிச்சமில்லை.

நாள் 172 | 10:15

மூச்சுப் பெட்டி நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு. சிலிண்டரைத் திறந்துவிட்டேன். ஒரு ஆளுக்கு மூன்று நாள் வரும். சரக்குக் கப்பல் நாள் 186இல்தான்.

திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதுகிறேன்: "பழுது கண்டறியப்பட்டது. பழுதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு." உடனே பெட்டியின் மூடி சரிந்து திறந்தது. உள்ளே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. இரண்டு கால்களும் சேரும் இடத்தில், காற்றைத் திறந்து மூடும் தடுக்கு ஒன்று பாதியில் சிக்கி நிற்பது தெரிகிறது. எந்தக் காலின் வாஷர் பிடித்துக்கொண்டது என்பது மட்டும் தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு திருகாணிகூட இல்லை.

கோவை கணபதியில் எங்கள் பட்டறையில் இந்த வேலையை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்கே பொருட்காட்சிக்கு வந்தவள் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 172 | 16:30

பூமியிலிருந்து வந்த செய்தி. பேசியவர் ஆவுடையப்பன், கட்டுப்பாட்டு மையத்தின் பகல் பொறுப்பாளர், நெல்லைக்காரர்.

"மேடம், ஒப்பந்தத்த எடுத்துப் பாத்தாச்சு. வாங்குறவுக பழுதுபார்த்துக்கொள்ளலாம்னு நம்ம தமிழ்ப் பிரதியில தெளிவா இருக்கு. பெட்டி வித்த கம்பெனிக்காரவுக மிஷின் அந்தச் சொல்ல ரெண்டா வெட்டிட்டு. பழுது தனி, பார்த்தல் தனி. பழுதப் பாக்கலாம், தொடக்கூடாதுன்னு பதிஞ்சி வச்சிருக்கு. கண்ணாடிய ஒடச்சிராதீய மேடம். ஒடச்சா உள்ள இருக்க நிரல அதுவே அழிச்சிக்கிடும், ரகசியம் வெளிய போகாம இருக்க. திருத்தச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கோம். பரிசீலிக்க முப்பது வேலை நாளாம்."

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

அந்தச் சொல்லை எழுதிக்கொடுத்தவள் நான். பேச்சுவார்த்தைக்குப் போன குழுவில் தொழில்நுட்ப ஆலோசகர் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். தமிழ்ப் பிரதிக்கும் சமமான மதிப்பு வேண்டும் என்று நம் ஆட்கள் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். வாங்கியும் விட்டார்கள். பன்னிரண்டாம் பிரிவுக்கு என்ன சொல் போடலாம் என்று கேட்டபோது, சிங்காநல்லூரில் தெருவுக்கு நாலு போர்டில் இருக்கிறதே, "இங்கு மோட்டார்கள் பழுதுபார்க்கப்படும்" என்று, அதையே போடுங்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மோட்டாரைப் பார்த்துவிட்டுச் சும்மா அனுப்புகிற பட்டறை உலகத்தில் உண்டா என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நாள் 173 | 09:00

சிலிண்டர் இன்னும் இரண்டு நாளுக்கு இருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விவரம். இந்தப் பெட்டி சும்மா வாங்கிய சரக்கு இல்லை. அந்தக் குளிர்நாட்டுக் கம்பெனியின் காப்புரிமைகளை நாம் கண்ணும் கருத்துமாகக் காப்போம், அவர்கள் பொருளுக்குச் சுங்கத்தைத் தளர்த்துவோம், பதிலுக்கு அவர்கள் தொழில்நுட்பத்தை நமக்குக் கைமாற்றுவார்கள் என்பது வணிக ஒப்பந்தம். கைமாற்றினார்கள். பதினொரு பெட்டி நிறையக் காகிதம் வந்தது. கூடவே ஒரு பயிற்சியாளர் வந்து ஆறு வாரம் பாடம் நடத்தினார். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஏன் என்று கேட்டால் புன்னகை செய்வார். நல்ல மனிதர். ஊருக்குப் போகும்போது அன்னபூரணி விக்கிரகம் ஒன்று வாங்கிப் போனார். ஆனையை வாங்கிக் கட்டினோம், அங்குசம் அவர் பையிலேயே போய்விட்டது.

ரேடியோவும், இந்தப் பதிவேடும், தண்ணீர்ப் பம்பும் அதே கம்பெனி கொடுத்தவை. எல்லாம் சேர்த்து ஒரே கொள்முதல்.

நேற்று மாலையிலிருந்து திருப்புளியின் முனையைப் பெட்டி உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறையில் பேரிங் போயிருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். பெட்டி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடப் பார்க்கும், அப்போது தடுக்கு லேசாக முனகும். அந்த முனகல் எந்தக் காலிலிருந்து கிளம்புகிறது என்பதுதான் கேள்வி.

நாள் 174 | 11:50

கண்டுபிடித்துவிட்டேன்! ஒன்றே முக்கால் நாள் காதை ஒட்டி வைத்ததற்குப் பலன். இரண்டு காலிலும் உள்ள வாஷர் வேறு வேறு சரக்கு. ஒன்று சூட்டில் இளகும். மற்றது சூடு பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும். ஆகவே [உரிமையாளரின் வணிக இரகசியம்: 4 வரிகள் நீக்கம்] பெட்டி ஓடுகிறது! கரியமில வாயு இறங்குகிறது. சத்தியமாக அழுதுவிட்டேன்.

தப்பான காலுக்குச் செய்தால் இரண்டு வாஷரும் பிடித்துக்கொள்ளும். பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாள் 174 | 15:20

முப்பத்தெட்டு நிமிடம் கழித்துத் தடுக்கு மறுபடி சிக்கியது. மறுபடி செய்தேன், ஓடியது. மறுபடி முப்பத்தெட்டு நிமிடம். கம்பியைச் சுற்றித் தானாகச் சூடேற்றலாம் என்று பார்த்தேன். "அனுமதியற்ற இணைப்பு" என்று சொல்லிப் பெட்டி ஒரு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தது. கையால் செய்தால் கண்டுகொள்வதில்லை. ஆக, முப்பத்தெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாம் நிலையத்துப் பெட்டி என்னுடையதைவிட ஒன்பது நாள் இளையது. அதே வாஷர். நாள் 181இல் அதுவும் நிற்கும். அவர்களிடம் உள்ள சிலிண்டர் இருபத்திரண்டு பேருக்கு ஐந்து மணி நேரம். காதில் திருப்புளியை வைத்துத் தேட அங்கே நேரமும் இல்லை, மோட்டார்க்காரரும் இல்லை. ஆனால் முறை தெரிந்தால் போதும். இருபத்திரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்தால் கப்பல் வரும்வரை என்ன, ஒரு மாதம்கூட ஓட்டலாம். நான் ஒருத்தி அப்படி ஓட்ட முடியாது. அதனால் இது இங்கே இருப்பதைவிட அங்கே போய்ச் சேர வேண்டும்.

நாள் 175 | 08:10

நேற்று எழுதியதைத் திறந்து பார்த்தேன். நாலு வரி காணோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் பிரிவு: வாங்குவோர் செய்யும் எந்த மேம்பாடும் உரிமையாளருக்கே சொந்தம். அதாவது நான் கண்டுபிடித்தது என்னுடையது இல்லை. கண்டுபிடித்த நிமிடத்திலேயே அது அவர்களுடைய இரகசியமாகிவிட்டது. அதை நானே வெளியிடாமல் காப்பது இந்தப் பதிவேட்டின் வேலை.

காவல் காக்கும் அந்த நிரலுக்கு மணியக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் கொடுக்காத பூசாரி என்பார்களே, அந்த ரகம்.

நாள் 175 | 13:30

ரேடியோவில் ஆவுடையப்பனுக்குச் சொன்னேன். அவர் பதில்: "மேடம், நீங்க பேசுறது வருது, நடுவுல மட்டும் கீன்னு சத்தம் கேக்கு. முக்கியமான எடத்துலதான் கேக்கு. திரும்பச் சொல்லுங்க." ஆறு முறை திரும்பச் சொன்னேன். ஆறு முறையும் கீ. எண்களாக்கி அனுப்பினேன், போகவில்லை. கேமரா முன்னால் செய்து காட்டினேன், படம் கறுத்துப்போனது. திருப்புளியைக் காட்டியதற்கும் கறுத்தது.

"மேல பேசிக்கிட்டிருக்கோம் மேடம். அந்தக் கம்பெனி ஆபீசுல விடுமுறையாம். அவசர நம்பர்ல மிஷின்தான் பேசுது" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்.

நாள் 176 | 17:05

சிலிண்டர் தீர்ந்தது. தூங்குவதற்கென்று வைத்திருந்ததைத் தூங்கித் தீர்த்தாகிவிட்டது. இனி தூக்கம் அரைமணி அரைமணியாகத்தான். அலாரம் வைத்திருக்கிறேன். இன்று ஒருமுறை அலாரம் கேட்கவில்லை. தலைவலியில்தான் விழித்தேன். எழுந்து செய்தேன்.

நாள் 177 | 09:40

ஒரு வழி தோன்றியிருக்கிறது.

மணியக்காரர் சொல்லை வெட்டி வெட்டிப் பார்ப்பவர். வீட்டுப் பேச்சு அவருக்குப் புரியாது. என் மாமியார் கடைசி ஒரு வருடம் மூட்டுவலியில் கிடந்தார். வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். அவருக்கு நான் செய்ததும் இந்தப் பெட்டிக்குச் செய்வதும் ஒன்றேதான். வலித்த காலும் அதே பக்கத்துக் கால். அவர் மகள் கோகிலவாணிக்கு இது புரியாமல் போகுமா?

நாள் 177 | 10:30

பேசினேன். மணியக்காரர் விட்டுவிட்டார்! கீ சத்தமே வரவில்லை. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

நான்: "அம்மிணி, உங்கம்மா முடியாமக் கெடந்தப்ப காலுக்கு நான் சுடுதண்ணித் துணில ஒத்தடம் குடுத்தத நெனச்சுப் பாரு. ஒருக்கா குடுத்தா முப்பத்தெட்டு நிமிசம் தாங்கும். ஒரு காலுக்குத்தான் குடுக்கோணும், மாத்திக் குடுத்தா மோசமாப் போயிரும். எந்தக் காலுன்னு..."

கோகிலவாணி: "நங்கையா, இருவத்திரெண்டு பேரு கேக்கற லைனுங்க இது. அம்மா செத்து நாலு வருசமாச்சு. நான் கிட்ட வந்து இருக்கலீன்னு இன்னுமா குத்திக் காட்டறீங்க? எனக்குப் பயிற்சி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? எதா இருந்தாலும் ஊருக்குப் போயிப் பேசிக்கலாம். வெச்சர்றேன்."

வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவது வழக்கம். எவ்வளவு கோபத்திலும் அவள் அதை விட்டதில்லை.

தப்பு என்னுடையதுதான். மாமியார் காரியத்தன்று, பந்தல் முழுக்க ஆள் இருக்கும்போது, இதே வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். ஒத்தடம் கொடுக்கக்கூட வராதவளுக்கு ஒப்பாரி எதற்கு என்று. அவள் அப்படியே எழுந்து போனாள். உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, அவளை அடித்த சொல்லையே எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

நாள் 177 | 14:15

மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "அம்மிணி, நான் அம்மாவச் சொல்லுல, பெட்டியச் சொன்னேன்! ஒத்தடம்னா" என்றேன். கீ.

அத்துடன் முடிந்தது. நானே மணியக்காரருக்கு அகராதி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு அந்தச் சொல்லை எந்தப் பேச்சில் சொன்னாலும் கீ. துணி என்றால் கீ. சுடுதண்ணி என்றால் கீ. இந்தப் பதிவேட்டில் மட்டும் இன்னும் விட்டு வைத்திருக்கிறார், ஏனென்று தெரியவில்லை. நிலையத்தை விட்டு வெளியே போகாத ஏடு என்பதால் இருக்கலாம். அப்படியென்றால் அந்த நாலு வரியை மட்டும் ஏன் எடுத்தார்? எழுதிப் பார்க்கிறேன்: [நீக்கம்]. எந்தப் பக்கத்துக் கால் என்பதை மட்டும் எழுதுகிறேன்: [நீக்கம்].

நாள் 178 | 12:00

ஆவுடையப்பனிடம் கோகிலாவிடம் பேசச் சொன்னேன். பேசியிருக்கிறார். "அவுக அழுதாவ மேடம். 'அவங்க என்னமோ சொல்ல வர்றாங்க, எனக்கு வெளங்கல'ன்னு சொன்னாவ. நானும் ரோசிச்சுப் பாத்துட்டேன், எனக்கும் வெளங்கல."

நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் திரும்பக் கேளுங்கள், அதையே நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இவ்வளவும் போனது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இனி அவளாகப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்குச் செய்ய வேறு ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுவதைத் தவிர.

நாள் 179 | 10:20

நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். கை வெந்துவிட்டது. பரவாயில்லை, வலி இருந்தால் விழிப்பு இருக்கும். பெட்டியிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன். "அத்தை, காலை நீட்டுங்க" என்கிறேன். மாமியாரும் இப்படித்தான், பேசாமல் நீட்டுவார். ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கடைசி வாரம் மட்டும் "கோகிலா வந்தா அவளுக்கும் சொல்லிக் குடு" என்றார். நான் சொல்லவில்லை. வீம்பு.

நாள் 180 | 07:55

கரியமில வாயு கூடுதல். இரண்டு தடவை தவறவிட்டேன். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

கோகிலா கூப்பிடவில்லை. நாளை அவர்கள் பெட்டி நிற்கும். சிவப்பு விளக்கு வரும். கண்ணாடி திறக்கும். இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்று பார்ப்பார்கள், அனுமதியோடு.

பயமாக இருக்கிறது. எனக்காகவும்தான்.

நாள் 180 | 09:30

இப்போது செய்துவிட்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு இருக்கிறது. அலாரம் மூன்று வைத்தேன். உட்கார்ந்தபடிதான். படுக்கவில்லை. கோகிலா கூப்பிட்டால் எடுக்க ரேடியோவை மடியிலேயே வைத்து

நாள் 180 | 10:08 | தானியங்கிப் பதிவு

அலாரம் 1: பதில் இல்லை. அலாரம் 2: பதில் இல்லை. அலாரம் 3: பதில் இல்லை.

நாள் 180 | 10:40 | தானியங்கிப் பதிவு

உரிமையாளர் அறிவிப்பு: பிரிவு 19இன்படி, முதல் நிலையத்தில் உருவான மேம்பாடு உரிமையாளரின் பெயரில் பதிவு செய்யப்பட்டது. பங்களிப்புக்கு நன்றி. இரண்டாம் நிலையம் இம்முறையைப் பயன்படுத்த விரும்பினால் விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக் காலம்: முப்பது வேலை நாள்கள்.

நாள் 180 | 11:25 | உள்வந்த செய்தி, இரண்டாம் நிலையம்

"நங்கையா, கோகிலா பேசறேனுங்க. நீங்க சொன்னது இப்பத்தான் மண்டைக்கு ஏறுச்சுங்க. முப்பத்தெட்டு நிமிசம், ஒரு காலு, எல்லாம் வெளங்கிருச்சுங்க. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. அம்மாவுக்கு நோவு எந்தக் கால்லீங்க? எடதா, வலதா? எனக்குத் தெரியாதுங்க நங்கையா. நான்தான் வந்து பாக்கவே இல்லீங்களே."

நிலை: கேட்கப்படவில்லை.